களத்தில் கொடுத்த வெற்றிலை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஏற்காட்டு மலையில் நான் இருந்த எண்பதுகளின் அந்த வருடங்களில் கோபப்படாமல் கழிந்த நாள் ஒன்றைச் சொல்லச் சொன்னால் யோசிக்கத்தான் வேண்டும். சேலத்துக்காரி நான். ஒரு சின்ன சேவைச் சங்கம் என்னை வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு அனுப்பியது. கூலிக்காரர் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித் தரணும், பாட்டு, கும்மி, நாடகம் பழக்கணும், எப்படியாவது அவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்காமல் பார்த்துக்கொள்ளணும். இதுதான் வேலை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிடுவார்கள்.

எஸ்டேட்காரர்கள் எனக்குக் கொடுத்த இடம் ஒரு பழைய மாட்டுக் கொட்டகை. மாடு போய் வருடங்கள் ஆகியும் வாசனை போகவில்லை. தகரக் கூரை. மழை பிடித்தால் நான் கத்துவது எனக்கே கேட்காது. கத்திக் கத்தித்தான் என் குரல் இப்படி ஆனது. பிள்ளைகள் லைன் ஊடுகளிலிருந்து வருவார்கள். எஸ்டேட் கட்டிக் கொடுத்த, ஒரே கூரையின் கீழ் வரிசையாக நீளும் வீடுகளுக்கு அங்கே அதுதான் பெயர். ஐப்பசி வரை கொட்டகை நிறைந்திருக்கும். காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்ததும் பாதிப் பேரைக் காணாது. பழம் பறிக்கிற கைக்கு வயது கேட்பவர் யாரும் மலையில் இல்லை. தை பிறந்து பறிப்பு ஓயும்போது எவ்வளவு பேர் திரும்பி வருவார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்தது ஒரே ஒரு பெண்ணுக்காக. அந்த லைனில் பத்தாவது வரைக்கும் வந்த முதல் பெண் பிள்ளை அவள். படிப்பில் கெட்டி என்றால் அப்படியொரு கெட்டி. என்னிடம் கணக்குக் கேட்டு வருகிற சின்னப் பிள்ளைகளைப் பாதி நேரம் அவளிடம்தான் தள்ளிவிடுவேன். நாடகத்திலோ, அடேயப்பா! யாரை வேண்டுமானாலும் நடித்துக் காட்டுவாள். பஸ் கண்டக்டர் எச்சில் தொட்டு டிக்கெட் கிழிப்பதையும், நான் கோபத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதையும் அவள் செய்து காட்டினால் கொட்டகை இரண்டுபடும். எஸ்டேட் ரைட்டரை அவள் செய்தாள் என்றால், குரலை மட்டும் கேட்டவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. எஸ்டேட் ஆபீசில் ஆள் கணக்குப் பார்க்கிறவர். யாருக்கு வேலை, யாருக்கு வீடு என்பதெல்லாம் அவர் பேனாவில் இருந்தது.

கார்த்திகையில் அவளுடைய அப்பா மரத்திலிருந்து விழுந்தார். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிளை வெட்டி நிழல் கழிப்பவர் அவர். இடுப்பு எலும்பு போய்விட்டது. சேலம் பெரியாஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பியவர் கட்டிலோடு ஆனார். இனி மரமேற முடியாது, மண்வெட்டியும் பிடிக்க முடியாது. அம்மாவுக்கோ குளிர் தொடங்கினால் இழுப்பு. பறிப்புக் காலத்தில் மட்டும் மூச்சு வாங்க வாங்க வேலைக்குப் போவாள். கீழே இரண்டு சின்னப் பெண்கள், மூக்கொழுகிக்கொண்டு.

எஸ்டேட்டில் ஒரு சட்டம் இருந்தது. லைன் ஊட்டில் குடியிருக்க வேண்டுமானால் அந்த வீட்டிலிருந்து ஒருவர் பேராவது மஸ்டரில், அதாவது தினமும் காலையில் கூப்பிடுகிற வேலைக்காரர் வரிசையில், நிரந்தரமாக இருக்க வேண்டும். பேர் இல்லையா, வீடு இல்லை. இழுப்புக்காரியின் பேரைப் பதிய முடியாது என்று ரைட்டர் சொல்லிவிட்டார். மிச்சம் யார்? அவள்தான்.

நான் ரைட்டரிடம் போனேன். "பத்தாவது பரீட்சைக்கு ரெண்டு மாசங்கூட இல்லீங்க. எழுதி முடிச்சுட்டு அந்தப் பொண்ணே வேலைக்கு வரட்டும். அதுவரைக்கும் வூட்டை விட்டு வையுங்க. ரெண்டே மாசம்" என்று கெஞ்சினேன். எனக்குக் கெஞ்ச வராது. அன்றைக்கு வந்தது.

"பரீட்சை எழுதிக் கலெக்டராவா ஆவப்போவுதுங்க டீச்சர்?" என்றார் அவர், மப்ளரைக் காதோடு இறுக்கிக்கொண்டே. "கீழ்நாட்டுல இருந்து ஆளுங்க குடும்பத்தோட வந்து வூடு கேட்டு நிக்கறாங்க. மஸ்டர்ல பேரில்லாத வூட்டை நான் என்னன்னுங்க சொல்லி வெச்சிருக்கறது?"

"சரி, இப்பவே பேரைப் பதிஞ்சுக்குங்க. பரீட்சைக்கு மட்டும் லீவு குடுங்க."

"புதுசாப் பதிஞ்ச ஆளு ஒரு நா வேலைக்கு வராட்டியும் பேரை அடிச்சிருவோமுங்க. ஆளுக்கொரு சட்டம் போட முடியுங்களா?"

அந்த ஆளை அங்கேயே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். பெண்ணின் வீடு அவர் கையில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பத்தாவது பாஸ் செய்தவள் என்று ஆகிவிட்டால் போதும் எனக்கு. பிறகு அவள் தோட்டத்திலேயே இருந்தாலும் ஒரு பால்வாடி வேலையோ, நர்ஸ் பயிற்சியோ என்றைக்காவது வந்து கூப்பிடும். பாஸ் செய்யாவிட்டால் ஒன்றும் கூப்பிடாது. இந்த இரண்டு மாதத்தில் அவள் ஆயுசே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதை யாருக்கும் புரிய வைக்கத் தெரியவில்லை. தினமும் அவள் வந்து பாடத்தைத் திறந்து வைத்து உட்காருவாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மேனேஜர் புதிது. குடகுப் பக்கத்துக்காரர், இளவயது, வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தமிழ் தட்டுத் தடுமாறி வரும். லைனில் அவரைத் தொரை என்பார்கள். நல்ல மனிதர் என்று பேச்சு. அவர் காதில் எப்படிப் போடுவது என்று நாங்கள் கொட்டகையில் உட்கார்ந்து யோசித்தபோது அவள்தான் வழி சொன்னாள்.

"கெடா வெட்டு வருதுல்லீங்க டீச்சர். அன்னிக்கு நாடகம் போட்டுக் கேட்டர்லாமுங்க."

பறிப்பு முடிந்ததும் எஸ்டேட் முனியப்பனுக்குக் கிடா வெட்டுவார்கள். சாப்பாடு முடிந்து, காப்பி காயப் போடுகிற களத்தில் ஆட்டம் பாட்டம் நடக்கும். அன்று ஒரு நாள் மட்டும், ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரியையும் ரைட்டரையும் தொரையையும் முகத்துக்கு நேரே கேலி செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது மாமூல். முனியப்பன் சாட்சி. ஆகா, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று துள்ளினேன்.

ஒரு வாரம் பழகினோம். ஒரு வீட்டில் அப்பனுக்கு உடம்பு முடியாமல் போகிறது. ரைட்டர் வந்து வீட்டைக் கேட்கிறார். மகளின் பரீட்சை வரைக்கும் பொறுங்கள் என்று அந்தக் குடும்பம் மன்றாடுகிறது. அவ்வளவுதான் கதை. ரைட்டர் வேஷம் அவளுக்கு. அவளுடைய சொந்தக் கதையில் அவளை விரட்டுகிறவராக அவளே நடிக்க வேண்டும். வேறு யாரையாவது போடலாமா என்று கேட்டேன். "ஏனுங்க, அவுங்கள மாதிரி யாரால பண்ண முடியும்?" என்று சிரித்தாள்.

களத்தில் அன்று நல்ல வெயில். மீசை வரைந்து, மப்ளர் கட்டி, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அவள் நடந்து வந்த நடையிலேயே சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அசல் ரைட்டரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியில், மகளாக நடித்த சிறுமி, "ரெண்டே மாசங்க, பொறுக்க மாட்டீங்களா?" என்று கை கூப்பினாள்.  இவள் அசல் ரைட்டர் செய்வதுபோலவே மப்ளரை இறுக்கிக் காதை மூடிக்கொண்டு, மெதுவாகத் திரும்பி, நாற்காலியில் இருந்த மேனேஜரைப் பார்த்தபடி நின்றாள்.  அந்தப் பார்வையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

மேனேஜர் எழுந்து கை தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த ரைட்டரிடம் குனிந்து என்னவோ கேட்டார். ரைட்டர் தலையை ஆட்டிவிட்டுப் போய் ஒரு தட்டு கொண்டுவந்தார். தட்டில் வெற்றிலையும் பாக்கும். மேனேஜர் அதை அவளிடம் நீட்டினார்.

கீழே சேலத்தில் ஒரு பாட்டுக்காரருக்கோ கூத்துக்காரருக்கோ வெற்றிலை பாக்குக் கொடுத்தால் அது மரியாதை. அந்த லைனில் அப்படி இல்லை. பறிப்புத் தொடங்கும் முன் மேஸ்திரி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு வீடு வீடாக வருவார். எடுத்துக்கொண்டவர் அந்த எஸ்டேட்டின் ஆள். கையெழுத்து இல்லை, பேச்சு இல்லை. வெற்றிலை வாங்கின கை பிறகு வேறு தோட்டத்தில் ஒரு பழம் தொடாது. காய்ச்சலில் கிடந்தாலும் வாக்கு வாக்குதான். எஸ்டேட் கொடுக்கிற வெற்றிலைக்கு அவர்களுக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றே: வாங்கினால் அவள் எஸ்டேட் வேலைக்காரி, வீடு தப்பும். மேனேஜருக்கு அது தெரியாது. ரைட்டருக்கு நன்றாகத் தெரியும். தட்டைக் கொண்டுவந்தபோது அவர் வேண்டுமென்றுதான் கொண்டுவந்தாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

அவள் தட்டைப் பார்த்தாள். கூட்டத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேகமாகத் தலையை ஆட்டினாள், வாங்கு, வாங்கு என்று. அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். களமே விசிலடித்தது. அம்மா ஓடிப்போய் மேனேஜர் காலில் விழுந்தாள். அவர் பாவம், வெட்கப்பட்டுப் பின்வாங்கினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்ததை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றி இருந்த பெண்கள், "உங்களாலதானுங்க டீச்சர், ஊடு தப்பிச்சுது, நீங்க நல்லா இருக்கோணும்" என்று என் கையைப் பிடித்துப் பிடித்துச் சொன்னார்கள். 

மறுநாள் விடிந்ததும் மேனேஜர் பங்களாவுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் பதறிப்போனார்.

"அய்யய்யோ டீச்சர், நான் நாடகத்துக்குக் கொடுத்தது அது! சின்னப் பொண்ணை நான் எதுக்கு வேலைக்கு எடுக்கிறேன்? ஸ்கூல் போகட்டும், ஸ்கூல் போகட்டும்."

"அப்ப வீடுங்க?"

"வீடு என் கையில் இல்லை. முதலாளி சட்டம். கேட்டுப் பார்க்கிறேன்." குரலில் தெம்பு இல்லை. என்றாலும் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம், மீதியை எப்படியாவது தாண்டிவிடலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. என் கண் முன்னாலேயே அவர் ரைட்டரைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் பேரைச் சேர்க்காதே என்றார். ரைட்டர், "சரிங்க தொரை" என்றார். அவ்வளவு பணிவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. வழி நெடுக எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மத்தியானம் ரைட்டர் லைனுக்குப் போய், கட்டிலில் கிடந்த அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த வெற்றிலை செல்லாது, டீச்சர் போய்ப் பேசி மாற்றிவிட்டார்கள், மாசக் கடைசியில் வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று.

சாயங்காலம் நான் லைனுக்குப் போனபோது குழாயடியில் பேச்சு நின்றது. நேற்று என் கையைப் பிடித்த பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். அம்மா வாசலில் நின்றாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, முனியப்பன் முன்னால குடுத்த வெத்தலையத் திருப்பிட்டு வந்துட்டீங்களே, உங்களுக்கு நாங்க என்னுங்க பாவம் பண்ணுனோம்?"

"வேலைக்குன்னு அவர் குடுக்கலைங்க. மேனேஜரே சொல்றாரு..."

"அவரு எதுக்குக் குடுத்தா எங்களுக்கென்ன? குடுத்தாங்க, வாங்குனோம். அதையப் புடிச்சுட்டு நின்னிருந்தா ஊடு நின்னிருக்குமுல்ல? மூணு புள்ளைங்களையும் இந்த மனுசனையும் கூட்டிட்டு நான் எந்தக் காட்டுக்குப் போவேனுங்க?"

 என் அறைக்கு வந்துவிடுங்கள் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. என் அறையில் ஒரு பாய் விரித்தால் கதவைத் திறக்க முடியாது. உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "டீச்சரத் திட்டாதே. அவுங்க நல்லதுக்குத்தான் பண்ணுனாங்க." திட்டியிருந்தால் தேவலை. 

அவள் இரண்டு தங்கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "கண்ணு, நாளைக்கு ஆபீசுக்கு வா. தொரை இளகின மனுசன். நான் படிக்கோணும், ரெண்டு மாசம் ஊடு குடுங்கன்னு உன் வாயால கேளு. நீ கேட்டா அந்தாளு மறுக்க மாட்டான். முதலாளிகிட்டச் சண்டை போட்டாவது வாங்கித் தருவான்."

"வரனுங்க டீச்சர்" என்றாள்.

மறுநாள் ஆபீஸ் தாழ்வாரத்தில் லைனில் பாதி கூடியிருந்தது. மேஸ்திரியும் வந்திருந்தார். வாங்கின வெற்றிலையைத் திருப்பினால் இனி எந்தப் பறிப்புக்கு யார் வெற்றிலையை நம்புவார்கள் என்று அவருக்குக் கவலை. அம்மா முந்தானையில் முடிந்திருந்த வெற்றிலையை எடுத்து மேசைமேல் வைத்தாள். வாடிக் கறுத்திருந்தது. மேனேஜர் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"நீ சொல்லும்மா. உனக்குப் படிக்க ஆசையா?"

நான் அவளுக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். சொல்லு, சொல்லு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் என் பக்கம் பார்க்கவில்லை. கால் விரலால் தரையைக் கீறினாள். தலையைச் சொறிந்தாள். கோணலாக ஒரு சிரிப்புச் சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் அவளைப் பார்த்ததே இல்லை.

"படிப்பு மண்டையில ஏறலீங்க தொரை. டீச்சருதான் நொம்ப ஆசப்படறாங்க. எனக்குப் பள்ளிக்கூடம்னாலே தல வலிக்குதுங்க."

"பொய்!" என்று கத்தினேன். "பொய்யுங்க சார், இவ பொய் சொல்றா!"

மேனேஜர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவளிடம் திரும்பி, "ஒன்பது ஏழு எவ்வளவு?" என்று கேட்டார்.

அவள் கூரையைப் பார்த்தாள். விரலை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள். உதடு முணுமுணுத்தது. "அறுவத்தி... ஒண்ணுங்களா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரைட்டர் சிரித்தார். மேனேஜரும், பாவம், சிரித்துவிட்டார். கட்டாயப்படுத்தி யாரையும் படிக்க வைக்க முடியாது டீச்சர், இந்தப் பிள்ளைக்கு வேலையாவது இருக்கட்டும், வீடும் நிற்கும் என்று எனக்கே ஆறுதல் சொன்னார். ரைட்டர் காதிலிருந்து பேனாவை எடுத்து எழுதினார். அம்மா அழுதுகொண்டே கும்பிட்டாள். எல்லோரும் கலைந்தார்கள்.

நான் படியிறங்கி ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  அத்தனை வருடம் மாட்டுக் கொட்டகையில் கத்தினது எதற்கு, பாட்டு எதற்கு, கும்மி எதற்கு, நாடகம் எந்த எழவுக்கு என்று இருந்தது. அவள் பின்னாலேயே வந்தாள். 

"கோபமுங்களா டீச்சர்?"

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன், மாட்டினேன்.

"நல்லாப் பண்ணுனேனுங்களா?" என்று கேட்டாள்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். "நல்லாப் பண்ணுனே கண்ணு" என்றுதான் வந்தது. அதுவரை அழாத பெண் அப்போதுதான் அழுதாள்.